பந்தலுக்கு வெளியே

சித்திரை மாதப் பிற்பகலில் ஓமலூர்ப் பக்கமோ ராசிபுரம் பக்கமோ ஒரு பூசணித் தோட்டத்தைப் பார்க்கிறவருக்குக் கொடி செத்துவிட்டது என்றுதான் தோன்றும். அகலமான இலைகள் எல்லாம் காம்போடு தொங்கிக் கிடக்கும். வெயில் 38, 39 டிகிரியைத் தொடும் அந்த நேரத்தில், வேர் உறிஞ்சி அனுப்பும் தண்ணீரைவிட இலை ஆவியாக விடும் தண்ணீர் அதிகம். வரவும் செலவும் பொருந்தாத சில மணி நேரம் இலை தொங்குகிறது, அவ்வளவுதான். மாலை ஆறு மணிக்குப் போனால் நிமிர்ந்திருக்கும். மதியம் மட்டும் தோட்டத்தைப் பார்த்துவிட்டு மருந்துக்கடைக்குப் போகிறவர், கொடுத்ததை வாங்கிவந்து அடிப்பார். மாலையில் இலை நிமிரும். மருந்து கேட்டுவிட்டது என்று நம்புவார். அடுத்த வருடமும் அதையே வாங்குவார்.

மாலையிலும் நிமிராத கொடிதான் கவலைப்பட வேண்டிய கொடி. அதன் காரணத்தை இலையில் தேடிப் பயனில்லை, வேரோடு பிடுங்கிப் பார்க்க வேண்டும். வேரெல்லாம் முடிச்சு முடிச்சாக இருந்தால் கண்ணுக்குத் தெரியாத நூற்புழு. தண்டின் அடியில் குடைந்த தடம் இருந்தால் பூசணி வண்டின் புழு. தண்டைக் குறுக்கே வெட்டிப் பார்க்கையில் உள்ளே பழுப்பேறியிருந்தால் வாடல் பூஞ்சை. மூன்றுக்கும் இலையில் தெரியும் அடையாளம் ஒன்றே. மூன்றும் குடியிருப்பது மண்ணுக்குள்.

கொடிக் காய்கறிகளின் பூச்சிகளையும் நோய்களையும் பற்றிய கதை முழுவதும் இப்படித்தான் போகிறது. சேதம் தெரிகிற இடம் ஒன்று, சேதம் பிறக்கிற இடம் வேறொன்று. நாம் மருந்தடிப்பதோ பெரும்பாலும் தெரிகிற இடத்தில்.

இதற்குப் பழ ஈயைப்போல் நல்ல உதாரணம் கிடையாது. பாகல், பீர்க்கு, புடலை, சுரை, அரசாணி, வெள்ளரி, தர்பூசணி என்று பூசணிக் குடும்பத்தில் எதையும் விடாத பூச்சி இது. வீட்டு ஈயின் அளவுதான் இருக்கும். செம்பழுப்பு உடம்பு, இறக்கையில் கரும்பட்டை. பெண் ஈ பிஞ்சுக்காயின் தோலைத் தன் ஊசிபோன்ற முட்டைக்குழலால் துளைத்து உள்ளே முட்டை வைக்கிறது. குத்திய இடத்தில் பிசின் துளிர்க்கும், பிறகு காய் அந்தப் பக்கமாகக் கோணும். ஒன்றிரண்டு நாளில் முட்டை பொரிகிறது. புழு காய்க்குள்ளேயே வளர்ந்து, முற்றியதும் வெளியே வந்து, உடம்பை வளைத்துத் துள்ளித் துள்ளி மண்ணில் விழுந்து, ஓரிரு அங்குல ஆழத்தில் கூட்டுப்புழு ஆகிறது. ஒரு வாரம், பத்து நாளில் அங்கிருந்து புதிய ஈ.

இந்த வாழ்க்கையில் மருந்துத் துளி படும்படி அது இருப்பது எப்போது? முட்டையும் புழுவும் காய்க்குள். கூட்டுப்புழு மண்ணுக்குள். மிச்சமிருப்பது வளர்ந்த ஈ. அதுவாவது பந்தலில் இருக்கிறதா என்றால், பெரும்பாலான நேரம் இல்லை. 1950களில் ஹவாய்த் தீவில் இந்த ஈயை நாள் முழுக்கப் பின்தொடர்ந்து கவனித்த பூச்சியியலாளர்கள் கண்டது இது: பெண் ஈ முட்டை வைக்க மட்டுமே கொடிக்கு வருகிறது. வேலை முடிந்ததும் தோட்ட ஓரத்தில் உள்ள உயரமான செடிகளுக்குப் போய்விடுகிறது. இலைக்கடியில் இளைப்பாறுவது, உண்பது, இரவைக் கழிப்பது எல்லாம் அங்கேதான். அதற்கு மிகப் பிடித்த தங்குமிடங்களில் இரண்டு மக்காச்சோளமும் ஆமணக்கும்.

சேலம், நாமக்கல் சமவெளியில் இருப்பவர்கள் இதைக் கொஞ்சம் நிதானித்து யோசிக்க வேண்டும். நாமக்கல் கோழிப்பண்ணைகளின் ஊர். கோழிக்குத் தீவனம் மக்காச்சோளம். ஆத்தூரிலிருந்து திருச்செங்கோடு வரை கொடிப் பந்தலுக்கு அடுத்த வயல் மக்காச்சோளமாக இருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. வரப்பில் ஆமணக்கு, அதாவது கொட்டமுத்துச் செடி நாலு நிற்பதும் இங்கே வழக்கம். ஆக, பந்தலுக்குள் தோள்வலிக்க அடித்த மருந்து, பக்கத்துச் சோளத்தில் உட்கார்ந்திருக்கும் ஈயை ஒன்றும் செய்யாது. பந்தலில் இருக்கும் குளவிகளையும் தேனீக்களையும் சிலந்திகளையும் மட்டும் கொல்லும்.

இதைத் தெரிந்துகொண்ட ஹவாய்க்காரர்கள் பயிருக்கு மருந்தடிப்பதைக் குறைத்துக்கொண்டு ஓரத்துச் சோளத்தில் மட்டும் நஞ்சு கலந்த உணவைத் தெளிக்கத் தொடங்கினார்கள். உணவு என்றால் புரதம். கூட்டுப்புழுவிலிருந்து வெளிவரும் பெண் ஈயின் வயிற்றில் முட்டை முற்றியிருக்காது. முட்டை விளையப் புரதம் வேண்டும். பறவை எச்சத்திலும் அசுவினியின் தேன்கழிவிலும் இலைமேல் வளரும் பாக்டீரியாக்களிலும் அது தேடித் திரிவது அந்தப் புரதத்தைத்தான். மீன் வாடைக்கு அது ஓடிவருவதற்கும் காரணம் அதுவே. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் நெடுநாளாகச் சொல்லிவரும் மீன்தூள் பொறி இந்தப் பசியை வைத்துச் செய்யப்பட்டது: துளையிட்ட பாலித்தீன் பையில் 5 கிராம் நனைத்த மீன்தூள், பக்கத்தில் ஒரு மில்லி டைகுளோர்வாஸ் நனைத்த பஞ்சு, எக்டேருக்கு 50 பைகள். கோழித் தீவனத்துக்கு மீன்தூள் வந்திறங்கும் நாமக்கல்லில் இந்தப் பொறிக்குச் சரக்குக் கிடைப்பது சிரமமில்லை. ஆனால் டைகுளோர்வாஸ் 2020 டிசம்பர் 31 முதல் இந்தியாவில் தடை செய்யப்பட்ட மருந்து. பழைய கையேடுகளை வைத்துக்கொண்டு கடையில் போய்க் கேட்கக் கூடாது. பொறியின் உள்ளே ஈ வழி தெரியாமல் சுற்றி, அடியில் உள்ள சோப்புத் தண்ணீரில் விழும்படி ஒரு பழைய தண்ணீர் பாட்டிலை வெட்டி மாட்டினால் வீட்டுத் தோட்டத்துக்குப் போதும்.

இனக்கவர்ச்சிப் பொறி வேறு. அதில் வைக்கப்படும் க்யூலூர் என்னும் வாசனைப் பொருள் ஆண் ஈக்களை மட்டும் இழுக்கும். பொறியில் நூற்றுக்கணக்கில் செத்துக் கிடப்பதைப் பார்த்து மகிழ்ச்சி வரும். காயைக் குத்துவது அவையல்ல. ஆண்களைப் பெருமளவு குறைத்தால் பெண்கள் இணை சேராமல் போகும் என்பதுதான் கணக்கு. ஒரே ஒரு தோட்டத்தில் மாட்டினால், வேறெங்கோ இணை சேர்ந்துவிட்ட பெண் ஈக்கள் வருவதை இந்தப் பொறி தடுக்காது. ஊரே மாட்டினால்தான் பலன். இன்னொரு குழப்பமும் அடிக்கடி நடக்கிறது. மாந்தோப்பு உள்ளவர்கள் மிச்சமான மாம்பழ ஈப் பொறியைப் பாகல் பந்தலில் தொங்கவிடுகிறார்கள். மாம்பழ ஈயைக் கவர்வது மீத்தைல் யூஜினால். கொடிக்காய் ஈ அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. பொறி காலியாக இருப்பதைப் பார்த்து, நம் தோட்டத்தில் ஈ இல்லை என்று நினைத்துக்கொண்டவர்களும் உண்டு.

இந்த ஈயை ஒரு நிலப்பரப்பிலிருந்தே துடைத்தெடுத்தவர்கள் ஜப்பானியர்கள். ஒக்கினாவாத் தீவுகளில் பாகற்காய் இல்லாத சமையல் இல்லை. ஆனால் ஈ இருந்ததால் அந்தக் காயை ஜப்பானின் பெருநிலத்துக்கு அனுப்பத் தடை இருந்தது. ஈக்களைத் தொழிற்சாலையில் வளர்த்து, கதிர்வீச்சால் மலடாக்கி, வானத்திலிருந்து கொட்டினார்கள். குமே தீவில் 1978இல் ஈ ஒழிந்தது. 1993இல் ஒக்கினாவா முழுவதும். இதற்காக விடப்பட்ட மலட்டு ஈக்கள் 5,000 கோடிக்கு மேல். நம்மால் முடியுமா என்று கேட்டால், முடியாது என்பதே என் பதில். அது கடல் சூழ்ந்த தீவு. இது சோளமும் கோவைக்கொடியும் தொடர்ந்து கிடக்கும் சமவெளி. அதோடு, இந்த ஈயின் பூர்வீகமே நம் பக்கம் என்றுதான் அறிஞர்கள் கருதுகிறார்கள்.

பூர்வீகம் இங்கே என்பதில் ஒரு நன்மை இருக்கிறது. ஈக்கு எமனும் இங்கேயே இருக்கிறான். ஈயின் புழுவுக்குள் தன் முட்டையை வைக்கும் சின்னஞ்சிறு குளவி ஒன்று நம் தோட்டங்களில் உண்டு. கோயம்புத்தூரில் சென்னை மாகாணத்தின் அரசுப் பூச்சியியலாளராக இருந்து, பிறகு பீகாரின் பூசாவில் இந்தியா முழுமைக்கும் பூச்சியியலாளரான பெய்ன்பிரிக் ஃபிளெட்சரின் பெயரால் அதற்கு ஃபிளெட்சரி என்று பெயர். 1916இல் இந்தக் குளவியை இந்தியாவிலிருந்து ஹவாய்க்குக் கொண்டுபோனார்கள். 1895 வாக்கில் அங்கே நுழைந்து தோட்டங்களை அழித்துக்கொண்டிருந்த ஈயை அடக்கத்தான். அங்கே பிற்காலத்தில் ஒரு கூடாரமும் கண்டுபிடித்தார்கள். சொத்தைக் காய்களை அதற்குள் கொட்டிவிட வேண்டியது. வெளிவரும் ஈ தப்ப முடியாத, ஆனால் குளவி மட்டும் நுழைந்து போகக்கூடிய கண்ணளவில் மேலே வலை. சொத்தைக் காய்க்குள் பகைவனும் இருக்கிறான், நண்பனும் இருக்கிறான் என்பதை உணர்ந்து செய்த வேலை.

கூடாரம் இல்லாதவர்கள் என்ன செய்வது? சொத்தைக் காயை வரப்பில் வீசக் கூடாது. சாணிக்குழியில் மேலாகப் போடவும் கூடாது. புழு அங்கிருந்தே மண்ணுக்குப் போய்விடும். ஒன்றரை அடி ஆழத்தில் புதைத்தால் ஈ மேலே வராது. அல்லது கறுப்பு பாலித்தீன் பையில் போட்டு இறுக்கிக் கட்டிப் பாறைமேல் வைத்துவிடலாம். சேலத்து வெயில் இதற்காவது உதவட்டும். பந்தலடி மண்ணை வாரம் ஒருமுறை மேலாகக் கொத்திவிட்டு நாட்டுக்கோழிகளைத் திறந்துவிட்டால் கூட்டுப்புழுக்களைப் பொறுக்கித் தின்னும். பாகல் பிஞ்சு ஒன்றரை அங்குலம் இருக்கும்போதே காகித உறை மாட்டிவிடுவது வீட்டுத் தோட்டத்தில் எல்லாவற்றையும்விட உறுதியான வழி. ஏக்கர் கணக்கில் வைத்திருப்பவர் இதைக் கேட்டால் சிரிப்பார், நியாயம்தான்.

ஒரு காலக் கணக்கும் உண்டு. கடும் வெயில் காலத்தில் ஈ குறைவு. வெப்பம் 32 டிகிரிக்குக் கீழே இறங்கி, காற்றில் ஈரம் ஏறும் ஆடி முதல் ஐப்பசி வரை அதன் காலம். ஆயுத பூஜைக்குத் திருஷ்டிப் பூசணி வேண்டி லாரிப் பட்டறைகள் எல்லாம் காத்திருக்கும் புரட்டாசியும் இதற்குள்தான் வருகிறது. சித்திரை வைகாசியில் தோட்டத்தைப் பிடிப்பவர்கள் வேறு ஆட்கள்: வெள்ளை ஈ, செஞ்சிலந்தி. செஞ்சிலந்திக்குச் சூடும் வறட்சியும் புழுதியும் இருந்தால் போதும். இந்த வெயிலில் ஒரு வாரத்தில் ஒரு தலைமுறை முடிந்துவிடும். நாமக்கல்லில் லாரி ஓடும் மண்சாலை ஓரத்துக் கொடிகள் எப்போதும் முதலில் வெளிறிப்போவதற்குப் புழுதி ஒரு காரணம். இலையின் அடிப்பக்கம் தண்ணீரைப் பீச்சியடித்தாலே பாதி போய்விடும். பைரித்ராய்டு வகை மருந்தை அடித்தால் அதைத் தின்னும் பூச்சிகள் செத்து, செஞ்சிலந்தி பெருகும்.

இனி வெள்ளை ஈயும் அசுவினியும். இவை குடிக்கும் சாற்றால் கொடிக்கு ஆகும் நஷ்டம் சிறியது. கொண்டுவரும் நச்சுயிரியால் ஆகும் நஷ்டமே பெரியது. அரசாணிக் கொடியில் நரம்பு மஞ்சளாகி, இலை சுருண்டு, கொடி குட்டையாகிப்போனால் அது பெரும்பாலும் வெள்ளை ஈ கொண்டுவந்த மஞ்சள் தேமல். அந்தக் கொடிக்கு மருந்து கிடையாது. செடிக்குள் நுழைந்த நச்சுயிரியைக் கொல்லும் எந்தப் பொருளும் எந்தக் கடையிலும் இல்லை. வெள்ளை ஈ பரப்பும் நச்சுயிரிகளில் ஒன்று 1990களில் புது தில்லியில் தக்காளியில் அடையாளம் காணப்பட்டது. இன்று தமிழ்நாட்டுப் பாகல், பீர்க்குப் பந்தல்களிலும் இருக்கிறது. 2012இல் அது ஸ்பெயின் நாட்டுச் சுக்கினித் தோட்டங்களுக்கும் போய்ச்சேர்ந்து, அங்குள்ள விவசாயிகளைத் திணறடித்தது.

வெள்ளை ஈக்கும் அசுவினிக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. வெள்ளை ஈ தன் ஊசிவாயை இலையின் சாற்றுக்குழாய் வரை இறக்கி, நின்று நிதானமாகக் குடித்தால்தான் நச்சுயிரி ஏறும், இறங்கும். அதற்கு நேரம் பிடிக்கும். ஏறிவிட்டால் நெடுநாள் அதன் உடம்பிலேயே இருக்கும். அசுவினி அப்படியல்ல. புதிய செடியில் இறங்கியதும், இது நமக்கேற்ற செடியா என்று தோலில் ஒரு குத்துக் குத்திச் சுவை பார்க்கும். சில நொடிதான். வெள்ளரித் தேமல் போன்ற நச்சுயிரிகள் அந்த ஒரு குத்திலேயே செடிக்குள் போய்விடும். பிடிக்கவில்லை என்றால் அசுவினி பறந்துபோகும். நாம் அதைப் பார்த்திருக்கவே மாட்டோம். எவ்வளவு கொடிய மருந்தானாலும் சில நொடியில் பூச்சியைக் கொல்லாது. எனவே அசுவினி பரப்பும் தேமலுக்கு மருந்தடிப்பது காசைக் கரைக்கும் வேலை. சில சமயம் நிலைமை மோசமாகவும் ஆகும், மருந்தால் கலவரப்பட்ட அசுவினி ஓரிடத்தில் நிற்காமல் செடிக்குச் செடி தாவும்.

ஆனால் அந்த அவசரக் குத்திலேயே ஒரு பலவீனமும் இருக்கிறது. இந்த வகை நச்சுயிரி அசுவினியின் ஊசி நுனியில் ஒட்டிக்கொண்டு வருகிறது, உள்ளே போவதில்லை. கொடிக்கு வருமுன் வேறொரு செடியில் ஓரிரு முறை குத்தினால் அங்கேயே துடைபட்டுவிடும். தோட்டத்தைச் சுற்றி இரண்டு மூன்று வரிசை மக்காச்சோளம் இருந்தால், பறந்துவரும் அசுவினி முதலில் அதில் இறங்கிச் சுவை பார்க்கும். சோளத்துக்கு அந்த நச்சுயிரியால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. கொடிக்கு வரும்போது அசுவினியின் வாய் சுத்தம்.

மறுபடியும் அதே மக்காச்சோளம். பழ ஈக்கு விடுதியாக இருந்த அதே சோளம். கொடி நடுவதற்கு மூன்று வாரம் முன்பு சுற்றிலும் சோளம் விதைத்தால் அசுவினிக்கு அது வடிகட்டி. காய் பிடிக்கும் பருவத்தில் அந்தச் சோளத்தில் மட்டும் வெல்லமோ புரதமோ கலந்த விஷ உணவைத் திட்டுத் திட்டாகத் தெளித்தால் பழ ஈக்கு அதுவே பொறி. காய்மேல் ஒரு துளி படவேண்டியதில்லை. பாகலையும் பீர்க்கையும் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை பறிக்கிறோம். மருந்தடித்தால் பறிக்குமுன் இத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்று புட்டியில் எழுதியிருப்பதைக் கடைப்பிடித்தால், காய் முற்றி வீணாகும். கடைப்பிடிக்காவிட்டால் உழவர் சந்தைக்கு வருவது மருந்துக்காய். பந்தலுக்கு வெளியே சண்டையை நடத்துவதன் உண்மையான லாபம் இங்கேதான்.

இளங்கொடிகளுக்கு வரிசைகளுக்கிடையே வெள்ளி நிற மூடாக்குத் தாள் விரிப்பதும் இதே குடும்பத்து யோசனைதான். கீழிருந்து வரும் ஒளியில் அசுவினியும் வெள்ளை ஈயும் திசை தடுமாறி இறங்காமல் போகின்றன. கோடையில் வேர்ச்சூடும் தணியும். மஞ்சள் அட்டைக்குக் கிரீஸ் தடவித் தொங்கவிடுவதை நான் மருந்தாக நினைப்பதில்லை. அது வெள்ளை ஈ வந்துவிட்டதா என்று சொல்லும் அறிவிப்புப் பலகை.

கோழி எருவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், நாமக்கல்லில் அது வண்டி வண்டியாகக் கிடைக்கிறது என்பதால். தொழு எருவில் தழைச்சத்து அரை சதவீதம் என்றால் கோழி எருவில் 3 சதவீதம் அளவு. அதைத் தொழு எருவைப்போலவே அள்ளிக் கொட்டினால் கொடி கரும்பச்சையாக, பார்க்க ஆசையாக ஓடும். அந்தச் சாறு மிகுந்த இளந்தளிர்தான் அசுவினிக்கும் வெள்ளை ஈக்கும் விருந்து. அடர்ந்த பந்தலுக்குள் சாம்பல் நோயும் சுகமாகக் குடியேறும். காய் மட்டும் தாமதமாக வரும். மட்கவைத்து, அளவை நன்றாகக் குறைத்துப் போடுங்கள்.

சாம்பல் நோயையும் அடிச்சாம்பல் நோயையும் அண்ணன் தம்பி என்று நினைக்க வேண்டாம், இரண்டுக்கும் உறவே கிடையாது. சாம்பல் நோய் பூஞ்சை. இலைமேல் வெள்ளை மாவு தூவினதுபோல் படரும். அதன் வித்து முளைக்கத் தண்ணீர்த் துளி வேண்டியதில்லை, துளி இருந்தால் கெட்டும் போகும். பகலில் மிதமான சூடு, இரவில் ஈரக்காற்று, பந்தலின் நிழல் இவை போதும். அதனால் தை, மாசியில் ஏறி, சித்திரை உச்சியில் தானாகவே தணியும். அடிச்சாம்பலோ பாசிகளுக்கு நெருங்கிய வேறொரு உயிரினம். 1868இல் கியூபாத் தீவின் மாதிரியை வைத்து முதலில் விவரித்தார்கள். அதற்கு இலை நனைந்திருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையிலும் பனியிலும் வரும். இலைமேல் நரம்புகளுக்கு நடுவே கட்டம் கட்டமாக மஞ்சள் புள்ளி, அடியில் சாம்பல் கலந்த ஊதாப் பூசணம். ஆக, காலையில் இலையை நனைப்பது முதல் நோய்க்கு எதிரி. மாலையில் நனைத்து இரவெல்லாம் ஈரமாக விடுவது இரண்டாம் நோய்க்கு உதவி. தண்ணீர் ஒன்றுதான், நேரம் மாறினால் பலன் தலைகீழ்.

சாம்பல் நோய்க்குக் கந்தகத் தூள் திராட்சையிலும் மிளகாயிலும் நன்றாக வேலை செய்யும். பூசணிக் குடும்பத்தில் தூவக் கூடாது. கந்தகத் தூளும் தாமிரத் தூளும் இந்தக் கொடிகளின் இலையைக் கருக்கும் என்று வேளாண் பல்கலைக்கழகம் தெளிவாகவே எச்சரிக்கிறது. நம் வெயிலில் இன்னும் வேகமாகக் கருக்கும். நம் ஊரில் புளித்த மோர் தெளிக்கிறவர்களைப் படித்தவர்கள் கேலி செய்த காலம் உண்டு. 1999இல் பிரேசில் நாட்டு ஆய்வாளர் வாக்னர் பெட்டியோல், பத்துக்கு ஒரு பங்கு பால் கலந்த தண்ணீரை வாரம் ஒருமுறை தெளித்துச் சுக்கினியில் சாம்பல் நோயைக் கட்டுப்படுத்தியதை ஆய்விதழில் வெளியிட்டார். பாலுக்கான சோதனை அப்படியே மோருக்குச் சான்றாகிவிடாது. ஆனாலும் கேலி செய்தவர்கள் கொஞ்சம் அடக்கி வாசிக்கலாம்.

இவ்வளவு நேரம் பேசாமல் விட்ட பூசணி வண்டுதான் தோட்டத்துக்கு முதலில் வருவது. ஆரஞ்சுச் சிவப்பில், கால் அங்குல நீளத்தில், விதையிலை விரியும்போதே வந்துவிடும். இரண்டு இலை நாற்றை இரண்டு வண்டு ஒரு காலையில் முடித்துவிடும். பூசணிக் குடும்பம் தன்னைக் காத்துக்கொள்ளக் குக்குர்பிட்டாசின் என்னும் கடுங்கசப்பை உண்டாக்கி வைத்திருக்கிறது. மனிதருக்கே அது நஞ்சு. கசக்கும் சுரைக்காய்ச் சாற்றைக் குடித்து இந்தியாவில் உயிரிழப்புகள் நேர்ந்திருக்கின்றன, ஆகவே கசந்தால் துப்பிவிடுங்கள். ஆனால் இந்த வண்டினத்துக்குக் கசப்பே அழைப்பு. மற்றப் பூச்சிகள் ஓடும் வாசலில் இது மட்டும் நுழைகிறது. இந்தக் குடும்பத்து வண்டுகள் சில தின்னுமுன் இலையில் வட்டமாக ஒரு கோடு வெட்டி, அந்த வட்டத்துக்குள் புதிய சாறு பாயாமல் அடைத்துவிட்டு, பிறகு உள்ளே உட்கார்ந்து தின்கின்றன. இலையில் வட்டவட்டமாக ஓட்டை விழுவது அதனால்தான்.

வண்டை எதிர்ப்பது எளிது, நாள் தெரிந்தால். நாலைந்து இலை வந்த பிறகு கொடி தாங்கிக்கொள்ளும். ஆபத்து முதல் இரண்டு மூன்று வாரம் மட்டும். குழித்தட்டில், நிழல்வலைக்குள் நாற்று வளர்த்து நட்டால் அந்த நாட்களில் பாதியைத் தாண்டிவிடலாம். விடியற்காலையில் வண்டு விறைத்து மந்தமாக இருக்கும், கையால் பொறுக்கலாம். பனி ஈரத்தில் அடுப்புச் சாம்பல் தூவினால் ஒட்டும், வண்டு விலகும், மழையோ தண்ணீரோ பட்டால் மறுபடி தூவ வேண்டும். புழு மண்ணுக்குள் வேரைத் தின்கிறது என்பதால் கோடை உழவு இதற்கும் மருந்து.

வேப்பங்கொட்டைக் கரைசல் எல்லோரும் அறிந்ததே. பத்து லிட்டருக்கு அரைக் கிலோ பருப்பு, இடித்து ஒரு இரவு ஊறவைத்து வடிகட்டிக் கொஞ்சம் சோப்புக் கலந்து. அதன் வீரியம் வெயிலில் சிதையும், எனவே காலையில் அடிப்பது வீண். வேப்பெண்ணெயை உச்சி வெயிலில் அடித்தால் இலை கருகும். மாலைதான் சரி என்பது பொதுவான பேச்சு. பூசணிக்கும் பாகலுக்கும் அது பொருந்தும். அவற்றின் பூ விடியலில் விரிந்து முற்பகலில் மூடிவிடுகிறது. பீர்க்கும் சுரையும் புடலையும் மாலையில், இரவில் பூப்பவை. அந்திப்பூச்சிகள் வரும் அதே நேரத்தில் பூமேல் மருந்தடித்தால் காய் பிடிக்காது. பிஞ்சு மஞ்சளாகி உதிரும். அதையும் நோய் என்று நினைத்து அடுத்த டேங்க் மருந்து கலக்கப்படும். கடும் வெயிலில் மகரந்தம் கெட்டாலும், தேனீ வராவிட்டாலும் இதே அடையாளம்தான். ஆண்பூவைக் கிள்ளிப் பெண்பூவில் தொட்டுவிட்டுப் பாருங்கள். பிஞ்சு நின்றால் குறை மகரந்தத்தில்.

பந்தலில் அடிக்கும் மருந்து பந்தலோடு நிற்பதில்லை. சேலம் மாவட்டத்து ஏத்தாப்பூரில் மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 2020இல் கேரளத்தில் முதலில் தென்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி சேலம், நாமக்கல் கிழங்கு வயல்களுக்குப் பரவியபோது, மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து வரவழைத்த ஒட்டுண்ணிக் குளவியை 2022 மார்ச்சில் அங்கேதான் வெளியிட்டார்கள். நூறாண்டுக்கு முன் நம் குளவி ஹவாய்க்குப் போனது. இப்போது வெளிநாட்டுக் குளவி நம்மிடம் வந்திருக்கிறது. மரவள்ளிக்குப் பக்கத்தில் பந்தல் போட்டிருப்பவர், தன் பந்தலில் அடிக்கும் மருந்து காற்றில் பறந்து அந்தக் குளவிமேலும் படும் என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

கடைசியாக வேலி. கோவைக்கொடி, தும்மட்டி, தானாக முளைத்த பேய்ப்புடல் எல்லாம் வேலியில் வருடம் முழுக்கப் பச்சையாக நிற்கும். பழ ஈ பஞ்சகாலத்தில் பிழைப்பது அவற்றின் காயில். மஞ்சள் தேமலின் நச்சுயிரி கோடையைக் கடப்பதும் கோவையிலைக்குள். கீரைக்கும் காய்க்கும் கோவை வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளலாம், பழுக்க விடாமல் பறித்தால் சரி. தேமல் தெரிந்த கொடியை அன்றே வெட்டவேண்டும். அதைவிடப் பெரிய தொல்லை, அறுவடை முடிந்தும் பிரிக்காமல் விட்ட பந்தல். விலை ஏறினால் இன்னும் நாலு காய் பறிக்கலாம் என்ற ஆசையில் ஒரு மாதம் தண்ணீரில்லாமல் நிற்கும். காய்கள் அங்கேயே பழுத்து வெடிக்கும். கடைசிப் பறிப்பன்றே கொடியை அறுத்து, மிச்சக் காயைப் புதைத்துவிட்டால், பக்கத்துக்காரரின் பாகல் பூக்கும்போது அவர் தோட்டத்துக்கு ஈ போகும் வழி ஒன்று அடைபடும். அவரும் அதையே செய்கிறாரா என்பதைப் பேசி முடிவு செய்ய வேண்டியது ஆடிப் பட்டத்துக்கு முன்பே.